நாற்பது வருஷம் ஆண்ட ராஜா போனபிறகு

எங்க தாத்தா சங்கரன்கோவிலில் பன்னிரண்டு விசைத்தறி வச்சிருந்தார். எங்க ஊருக்கு இது ஒண்ணும் பெரிய விஷயமில்லை, தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கிற ஊர்தான். ஆனா முப்பத்தெட்டு வருஷம் ஒரே ஆளா நடத்தினார். நூல் வியாபாரிக்கு எவ்வளவு பாக்கி, எந்த நெசவாளிக்கு எவ்வளவு முன்பணம், எந்தக் கடைக்காரர் சேலைக்குக் காசு ஒழுங்கா தருவார், எல்லாம் அவர் தலைக்குள்ளே. 2009ல் அவர் போனார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து இலை எடுக்கும்போதே பேச்சு ஆரம்பிச்சிட்டுது. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூணு பேரிடமும் தாத்தா தனித்தனியா "பட்டறை உனக்குத்தான்" என்று சொல்லியிருந்திருக்கிறார். மூணு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் சிக்கலே. கேஸ் ஒன்பது வருஷம் நடந்தது. தறி எல்லாம் கடைசியில் பழைய இரும்புக்குத்தான் போனது.

இது தறியைப் பற்றிய கட்டுரை இல்லை, பாண்டியர்களைப் பற்றியது. ஆனா போன வருஷம் மாறவர்மன் குலசேகர பாண்டியனின் கடைசி நாட்களைப் பற்றிப் படிச்சிட்டிருந்தபோது எங்க வீட்டுப் பதினாறாம் நாள்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ரெண்டு பாண்டியர்கள்

சுமார் நாற்பது வருஷம் ஆண்ட ரெண்டு பாண்டியர்களை எடுத்துக்கொள்வோம்.

ஒருவர் முதலாம் மாறவர்மன் குலசேகரன். 1268ல் தொடங்கி சுமார் 1310 வரை மதுரையில் ஆண்டவர். இன்னொருவர் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். 1422லிருந்து 1463 வரை, எங்க ஊரிலிருந்து நாற்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கிற தென்காசியில் ஆண்டவர். ஒரே வம்சப் பெயர். ஆட்சியின் நீளமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். முதல் ஆள் போன ஒரு வருஷத்துக்குள் மதுரை சூறையாடப்பட்டது. ரெண்டாவது ஆள் போனபிறகு பெரிசா ஒண்ணும் நடக்கலை. தம்பி வந்து, பாதியில் நின்ற கோபுர வேலையை முடித்தார்.

நீண்ட காலம் ஆண்ட ராஜா செத்தால் ராஜ்ஜியம் சிதறும் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனா இந்த ரெண்டு பேரையும் பக்கத்தில் வச்சுப் பார்த்தால் அது சரியா வரலை. வித்தியாசம் எங்கே இருக்கு?

நோயே வராத ராஜா

குலசேகரன் சாதாரண ராஜா இல்லை. 1279 வாக்கில் கடைசிச் சோழ மன்னர் மூன்றாம் ராஜேந்திரனின் பெயர் கல்வெட்டுகளிலிருந்தே மறைகிறது. சோழநாடு குலசேகரன் கைக்கு வந்தது. "கொல்லம் கொண்ட" என்று பட்டம். இவருடைய தளபதி ஆரியச்சக்கரவர்த்தி இலங்கைக்குப் படையோடு போய், யாப்பகூவையில் இருந்த புத்தரின் புனிதப் பல்லையே எடுத்து வந்தார். அதைத் திரும்பப் பெற சிங்கள மன்னர் மூன்றாம் பராக்கிரமபாகு நேரிலேயே பாண்டிய அரசவைக்கு வர வேண்டியிருந்தது.

பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் இவரைப் பற்றி எழுதியிருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆண்டார், அந்தக் காலத்தில் அந்நிய எதிரி யாரும் நாட்டுக்குள் நுழையவில்லை, கடும் நோய் வந்து இவர் படுத்ததும் இல்லை என்கிறார்.

கடைசிச் செய்தியைக் கவனிங்க. நோயே வராத ராஜா. கேட்க நல்லா இருக்கு. ஆனா ராஜா ஒரு தடவையாவது படுத்து எழுந்திருந்தால், அவர் இல்லாத ஒரு மாசம் எப்படி இருக்கும் என்று அரண்மனைக்கு ஒரு ஒத்திகை கிடைத்திருக்கும். எங்க சாஃப்ட்வேர் தொழிலில் வேணும்னே ஒரு சர்வரை நிறுத்திப் பார்ப்போம், அது விழுந்தால் மிச்சம் நிற்குமா என்று தெரிஞ்சுக்கத்தான். நாற்பது வருஷமா ஒரு தடவைகூட விழாத சர்வரைப் பார்த்தால் அனுபவசாலிக்குப் பெருமை வராது, வயிற்றைத்தான் கலக்கும்.

நாள்காட்டியே மாறும்

ராஜா சாகும்போது முதலில் மாறுவது காகிதம். அந்தக் காலத்தில் ஓலையும் கல்லும்.

பாண்டிய நாட்டில் ஒரு கோயிலுக்கு நிலம் எழுதிக் கொடுத்தால் தேதி எப்படிப் போடுவார்கள்? "மாறவர்மன் குலசேகர தேவருக்கு யாண்டு இத்தனையாவது", அப்புறம் மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம். அதாவது வருஷத்தின் பெயரே ராஜாதான். அவர் போனால் எண்ணிக்கை அடுத்தவர் பெயரில் புதுசாக ஓடத் தொடங்கும். நாற்பது வருஷம் ஒரே பெயரை எழுதிப் பழகிய ஊர்க்கணக்கனை நினைத்துப் பாருங்க. அவனுடைய வேலைக்காலம் முழுக்க வேற பெயர் எழுதியே இருக்க மாட்டான். போன பட்டமாற்றத்தைப் பெரிய ஆளாக நின்று பார்த்தவர்களே ஊரில் அபூர்வம்.

இதில் ஒரு கோளாறு உண்டு. பாண்டியர்களில் ஒரே சமயம் ரெண்டு மூணு பேர் முடி சூடி, ஒவ்வொருவரும் தன் ஆண்டுக் கணக்கைத் தனியா ஓட்டுவது வழக்கம். பெயரும் சடையவர்மன், மாறவர்மன் என்று திரும்பத் திரும்ப வரும். குலசேகரனே நாலைந்து பேர் உண்டு. எந்தக் கல்வெட்டு எந்த ராஜாவுடையது என்று பிரிப்பது பெரும் தலைவலி. இந்த முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தவர்களில் ஒருவர் கும்பகோணத்தில் பஸ் கம்பெனி நடத்திய என்.சேதுராமன். கல்வெட்டில் இருக்கிற திதி, கிழமை, நட்சத்திரத்தை வானியல் கணக்கோடு பொருத்தி, பாண்டியர் காலவரிசையை 1978ல் ஒரு புத்தகமாகவே போட்டார். வரலாற்றுப் பேராசிரியர் இல்லை, நம்மளை மாதிரி ஆர்வத்தில் வந்த ஆள். என்னைப் போன்றவர்களுக்கு அதில் ஒரு சின்ன தைரியம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். குலசேகரன் உயிரோடு இருக்கும்போதே அவருடைய ரெண்டு பிள்ளைகளின் ஆண்டுக் கணக்கும் ஓட ஆரம்பிச்சிட்டுது. வீரபாண்டியனுக்குச் சுமார் 1297லிருந்து. சுந்தரபாண்டியனுக்குச் சுமார் 1303லிருந்து.

அப்பா இருக்கும்போதே பிள்ளைக்குப் பட்டம் கட்டுவது தப்பான ஏற்பாடு இல்லை. சொல்லப்போனால் தமிழ்நாட்டில் நல்லா வேலை செய்த ஏற்பாடு அதுதான். ராஜராஜ சோழன் 1012ல் ராஜேந்திரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி, ரெண்டு வருஷம் கழித்து மறைந்தார். நாடு அசையவில்லை. ராஜேந்திரன் 1018லேயே ராஜாதிராஜனைச் சேர்த்துக்கொண்டார். அங்கே பட்டம் கட்டிய ஆள் ஒருத்தன். இங்கே ரெண்டு பேர்.

மார்க்கோ போலோ பார்த்தது

ராஜா சாவதற்குச் சுமார் பதினெட்டு வருஷம் முன்னால், 1292-93 வாக்கில், மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்தார். தாமிரபரணி கடலில் சேருகிற காயல் துறைமுகத்தைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். இந்த நாட்டை அஞ்சு அண்ணன் தம்பிகள் ஆள்கிறார்கள், அதில் மூத்தவருடையது காயல் என்கிறார். மூத்தவர் குலசேகரன்தான் என்பது பொதுவான கருத்து. அஞ்சு பேர் என்பது சேர்ந்து ஆண்ட பாண்டியர்களை அவர் புரிந்துகொண்ட விதம்.

அவர் சொல்கிற மூணு செய்திகள் நம் கேள்விக்கு நேரடியாக உதவும்.

ஒன்று, மெய்க்காவலர்கள். ராஜாவோடு எப்போதும் இருக்கிற ஒரு கூட்டம் உண்டு. ராஜா செத்து உடம்பு எரியும்போது அவர்களும் அந்த நெருப்பிலேயே விழுந்துவிடுவார்கள். நம் பக்கம் தென்னவன் ஆபத்துதவிகள் என்று கேள்விப்பட்டிருப்பீங்க, அந்த மரபுதான். வீரம், விசுவாசம் என்று இதைப் பாராட்டுவோம். ஆனா ஒரு நிமிஷம் யோசிங்க. அவர்களுடைய சத்தியம் சிம்மாசனத்துக்கு இல்லை, ஒரு உடம்புக்கு. அரண்மனையில் யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார், யாரை நம்பலாம் என்று தெரிந்த நெருங்கிய வட்டம், தேவைப்படுகிற அன்றைக்கே ராஜாவோடு சேர்ந்து போய்விடுகிறது.

ரெண்டாவது, பொக்கிஷம். அப்பா சேர்த்து வைத்த செல்வத்தைப் பிள்ளைகள் தொட மாட்டார்களாம். அப்பா எப்படிச் சேர்த்தாரோ அப்படி நாமும் நம் பங்குக்குச் சேர்க்க வேண்டும் என்பது வழக்கம். அதனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் குவியல் ஏறிக்கொண்டே போகிறது. முத்துக் குளிப்பும் குதிரை வியாபாரமும் கொழித்த காலம். பெரிய மனசுள்ள வழக்கம்தான். ஆனா அந்தக் குவியல் யாருக்கும் பயன்படாமல் ஒரே இடத்தில் கிடக்கும். அது கிடக்கிறது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

மூணாவது, அம்மா. சகோதரர்களுக்குள் சண்டை மூண்டு ஆயுதம் எடுக்கிற நிலை வந்தால், தாய் கத்தியோடு நடுவில் வந்து நிற்பாளாம். உங்களுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்துக்கொள்வேன் என்று மிரட்டுவாளாம். அவர்கள் அடங்கிவிடுவார்கள். இதைச் சொல்லிவிட்டு போலோ தன் கருத்தையும் எழுதுகிறார்: இந்தத் தாய் செத்தால் இவர்கள் நிச்சயம் மோதி ஒருவரை ஒருவர் அழித்துக்கொள்வார்கள்.

வெளியூர் வியாபாரி ஒருத்தர் கொஞ்ச நாள் தங்கிப் பார்த்துவிட்டு இதைச் சொல்லியிருக்கிறார். நாட்டைக் கட்டி நிறுத்துவது சட்டமில்லை, ஒரு ஆள் நடுவில் நிற்பதுதான் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. உள்ளே இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனா வீட்டுக்குள்ளே அதை யார் எடுத்துச் சொல்வது? எங்க வீட்டிலும் தாத்தாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் "நான் எப்பச் சாவேன்னு பார்க்கியா" என்று ஆகிவிடும்.

1310, 1311

அடுத்து நடந்ததை வசாஃப் சொல்கிறார். சுந்தரன் பட்டத்து ராணியின் மகன். வீரன் அப்படி இல்லை, ஆனா கெட்டிக்காரன், துணிச்சல்காரன். குலசேகரன் வீரனை வாரிசாகச் சொன்னார். கோபம்கொண்ட சுந்தரன் 1310ல் தகப்பனைக் கொன்று மதுரையில் முடி சூடினான். ஈரானில் இருந்துகொண்டு கேள்விப்பட்டு எழுதியவர் வசாஃப். தமிழ்நாட்டுக்கு அவர் வந்ததில்லை. அதனால் கொலையை நான் கொஞ்சம் தள்ளித்தான் வைக்கிறேன். ஆனா சண்டை நடந்தது உறுதி. டெல்லியின் அமீர் குஸ்ரோவும் இந்த ரெண்டு பாண்டியர்கள் மோதிக்கொண்டிருந்ததைச் சொல்கிறார்.

கொலையை விட்டுவிட்டாலும் அந்தக் கதையில் ஒரு முக்கியமான உண்மை இருக்கு. ரெண்டு பேரிடமும் ஒரு நியாயம் இருந்தது. ஒருத்தனிடம் பிறப்பு. இன்னொருத்தனிடம் அப்பாவின் வாக்கு. ரெண்டு பேருக்கும் சொந்த ஆண்டுக் கணக்கு, சொந்தப் படை, தன் பெயரில் வெட்டிய கல்வெட்டு. எது பெரிய நியாயம் என்று தீர்ப்புச் சொல்லக்கூடிய ஒரே ஆள் செத்துப்போனார்.

எங்க தொழிலில் இதுக்கு ஸ்பிளிட் பிரெயின் என்று பெயர். ரெண்டு சர்வர், ஒன்று விழுந்தால் மற்றது பொறுப்பேற்க வேண்டும் என்று ஏற்பாடு. நடுவில் இருக்கிற தொடர்பு அறுந்துவிட்டால், மற்றவன் செத்துவிட்டான் என்று நினைத்து ரெண்டுமே நான்தான் தலைமை என்று எழுத ஆரம்பிக்கும். ரெண்டும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்யும். தகவல் மட்டும் நாசமாகிவிடும். முதல் சண்டையில் அண்ணன் தம்பி ரெண்டு பேருமே, மற்றவன் கதி என்ன ஆச்சு என்று தெரியாமலே களத்தை விட்டு ஓடினார்கள் என்று வசாஃப் எழுதுகிறார். அதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, கஷ்டமாகவும் இருந்தது.

மிச்சம் உங்களுக்குத் தெரிந்த கதை. ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளன் இந்தச் சண்டையில் ஆதாயம் பார்க்கத் தெற்கே கிளம்பினார். தன் தலைநகருக்கே டெல்லிப் படை வருகிறது என்று கேட்டுத் திரும்பி ஓடினார். பணிந்த பிறகு அந்தப் படைக்கு அவரே வழிகாட்டியும் ஆனார். 1311 ஏப்ரலில் மாலிக் கபூர் மதுரைக்கு வந்தபோது சுந்தரன் குடும்பத்தோடு ஏற்கெனவே வெளியேறியிருந்தான். வீரனையோ ஊர் ஊராகத் துரத்தியும் பிடிக்க முடியவில்லை. ராஜாக்கள் தப்பித்தார்கள், பொக்கிஷம் தப்பவில்லை. டெல்லிக்குப் போனது 612 யானை, 20,000 குதிரை, 96,000 மணங்கு தங்கம் என்று பரணி எழுதுகிறார். 512 யானை, 5,000 குதிரை என்று குஸ்ரோ. எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். குறைவான கணக்கே போதும், எத்தனை தலைமுறை யாரும் தொடாமல் வைத்திருந்தார்கள் என்று புரிந்துகொள்ள.

சுந்தரன்தான் மாலிக் கபூரைக் கூப்பிட்டான் என்று நம்ம பக்கத்தில் ஒரு கதை உண்டு. அது பற்றி ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால், துரோகி யார் என்ற கேள்வி நம்மைத் திசை திருப்புகிறது. கூப்பிடாவிட்டாலும் வந்திருப்பார்கள். வேணாட்டு ரவிவர்மன் குலசேகரன் 1312-13 வாக்கில் காஞ்சிபுரம் வரை போய் முடி சூடினார். அவரை யார் கூப்பிட்டது? அப்புறம் காகதியர் வந்தார்கள். 1323ல் மறுபடி டெல்லி. 1335லிருந்து மதுரையில் தனி சுல்தான்கள். 1371 வாக்கில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர். மதுரை அதன்பின் பாண்டியர் கைக்குத் திரும்பவே இல்லை. மிஞ்சிய கிளை எங்க மேற்குத்தொடர்ச்சி மலை அடிவாரத்துக்கு ஒதுங்கியது.

இப்போதைய ராஜாக்கள்

இன்றைய முடியாட்சிகள் இந்தப் பாடத்தைப் படித்திருக்கின்றன. எலிசபெத் ராணி 70 வருஷம் ஆண்டு 2022 செப்டம்பர் 8ல் மறைந்தார். அந்த நொடியிலேயே சார்லஸ் மன்னர். ரெண்டு நாள் கழித்து நடந்த கூட்டம் அதை ஊருக்கு அறிவிக்கத்தான். லண்டன் பிரிட்ஜ் என்ற பெயரில் ராணியின் சாவுக்கே பல வருஷம் முன்னால் திட்டம் எழுதி, திருத்தி, தயாராக வைத்திருந்தார்கள். அதுவும் ராணி உயிரோடு இருக்கும்போதே.

தாய்லாந்தில் பூமிபோல் மன்னர் 70 வருஷம் ஆண்டு 2016 அக்டோபர் 13ல் மறைந்தார். இளவரசர் துக்கம் காக்க அவகாசம் வேண்டும் என்றார். டிசம்பர் 1 வரை முறைப்படி அரியணை ஏற்கவில்லை. ஒன்றரை மாசத்துக்கு மேல் இடைவெளி. பிரேம் தின்சூலானொன் என்ற 96 வயது முன்னாள் பிரதமர் அந்த இடைவெளியில் ஆட்சிப் பொறுப்பாளராக உட்கார்ந்தார். யார் உட்கார வேண்டும் என்பது முன்கூட்டியே சட்டத்தில் இருந்தது. வாரிசு யார் என்பதும் 1972லேயே முடிவானது. அதனால் தாமதம் தாமதமாக மட்டுமே முடிந்தது.

தென்காசி

இப்போ நம்ம ரெண்டாவது ஆள். பராக்கிரம பாண்டியன் ஆண்டது சின்ன நாடு. குலசேகரனுடைய ராஜ்ஜியத்தில் ஒரு மூலை. விஜயநகரத்தின் நிழலில் இருந்தது. சண்டை போட்டுக்கொள்ள அங்கே அவ்வளவு இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனா அங்கேயும் சேர்ந்து ஆளுகிற அதே பழைய வழக்கம்தான். தம்பி சடையவர்மன் குலசேகரன் 1429 வாக்கிலிருந்தே தன் ஆண்டுக் கணக்கை ஓட்டியவர். முப்பது வருஷத்துக்கு மேல் பக்கத்து நாற்காலியில் இருந்தவர். மோதல் வர எல்லா வாய்ப்பும் இருந்தது.

பராக்கிரமன் செல்வத்தைப் பூட்டி வைக்கவில்லை. 1446ல் காசி விசுவநாதர் கோயிலைக் கட்ட ஆரம்பித்தார். தன் வாழ்நாளில் முடியாது என்று தெரிந்தே ஒன்பது நிலைக் கோபுரத்துக்கு அடித்தளம் போட்டார். அங்கே பாட்டாகவே ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறார். அதன் பொருள் இதுதான்: இந்தக் கோயிலுக்குப் பின்னால் ஏதாவது கெடுதல் வந்தால், அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும், அவரைப் பராக்கிரம பாண்டியனாகிய நான் உலகறியப் பணிகிறேன்.

யாராக இருந்தாலும் என்பதில்தான் நான் நின்றுவிட்டேன். என் மகன் என்று சொல்லவில்லை. என் வம்சம் என்றும் சொல்லவில்லை. தான் செத்த பிறகும் தொடர வேண்டிய வேலை எது என்று எழுதிவிட்டு, செய்கிறவன் யார் என்பதைத் திறந்து விட்டுவிட்டார். அதுவும் உயிரோடு இருக்கும்போதே, எல்லாரும் படிக்கிற இடத்தில், கல்லில். 1463ல் அவர் மறைந்தார். தம்பி குலசேகரன் கோபுரத்தை முடித்தார். தென்காசிப் பாண்டியர்கள் சின்ன ராஜாக்களாகவே மேலும் ஒன்றரை நூற்றாண்டு இருந்தார்கள். அதிவீரராம பாண்டியர் அந்த வழியில் வந்தவர்தான்.

மதுரையில் எல்லாம் ஒருவர் வாயில் இருந்தது. தென்காசியில் வேலை வெளியே இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கோபுரமும் பிற்காலத்தில் சிதைந்து, பல தலைமுறை மொட்டைக் கோபுரமாக நின்றது. அப்பா சின்ன வயசில் பார்த்தது அதைத்தான். பாண்டியர் இல்லை, நாயக்கர் இல்லை, வெள்ளைக்காரனும் போய்விட்டான். ஊர்க்காரர்களும் நன்கொடையாளர்களும் அரசாங்கமும் சேர்ந்து திரும்ப எழுப்பி 1990ல் குடமுழுக்கு நடத்தினார்கள். அந்த வருஷம் தாத்தா என்னை பஸ்ஸில் கூட்டிப்போய் அண்ணாந்து பார்க்கச் சொன்னார். ராஜா ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இந்த ஜனங்களைக் கும்பிட்டு வைத்திருந்தார் என்று அப்போ எனக்குத் தெரியாது. தாத்தாவுக்கும் தெரிந்திருக்காது.

அப்பாவுக்கு இப்போ 76. வீட்டுப் பத்திரம், வயல் குத்தகை, யாருக்கு எவ்வளவு தரணும் வாங்கணும் எல்லாம் அவர் தலைக்குள்ளேதான் இருக்கு. போன பொங்கலுக்குப் போனபோது ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, "எல்லாத்தையும் இதுல எழுதுங்கப்பா, நானும் தங்கச்சியும் சேர்ந்து படிக்கிற மாதிரி" என்று சொல்லிவிட்டேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. ரெண்டு நாள் சரியாகப் பேசவில்லை. நேற்று போனில் சொன்னார், நாலு பக்கம் எழுதியிருக்காராம்.